பிரிண்டரிடம் யார் பேசலாம்?

(கல்லூரி, அலுவலகக் கணினிப் பொறுப்பாளர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



“பிரிண்ட் சர்வருக்கு நெட்வொர்க் அணுகல் கட்டுப்பாடு” என்று தலைப்பு வைத்தால் யாரும் வரமாட்டார்கள் என்று அமைப்பாளர்களிடம் சொன்னேன். அரங்கு நிறைந்திருக்கிறது. நெட்வொர்க் பாதுகாப்பின் மேல் உள்ள பற்று உங்களை இங்கே இழுத்துவந்தது என்று நான் நம்பவில்லை. பிரிண்டரோடு மல்லுக்கட்டிய களைப்புதான் காரணமாக இருக்கும். எதுவானாலும் வந்தவரைக்கும் மகிழ்ச்சி.

2016 மார்ச் மாதம் அமெரிக்காவில் பிரின்ஸ்டன், ஆம்ஹெர்ஸ்டில் உள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் எனப் பல இடங்களில் பிரிண்டர்களிலிருந்து யூத வெறுப்பைக் கக்கும் துண்டறிக்கைகள் வந்து விழுந்தன. யாரும் ‘பிரிண்ட்’ கொடுக்கவில்லை. 2018 இறுதியில் உலகெங்கும் ஏறத்தாழ 50,000 பிரிண்டர்கள், பியூடைபை என்ற யூட்யூப் பிரபலத்தின் சேனலுக்குச் சந்தாதாரராகச் சொல்லித் தாள்களை அச்சிட்டுத் தள்ளின. 2020 ஆகஸ்டில் சைபர்நியூஸ் என்ற இணையதளத்தின் ஆய்வாளர்கள் சுமார் 28,000 பிரிண்டர்களில், பிரிண்டரைப் பாதுகாப்பது எப்படி என்ற வழிகாட்டியையே அச்சிட்டுக் காட்டினார்கள். தாளும் மையும் அந்தந்த வீட்டுக்காரர் செலவு!

இவற்றில் யாருடைய பாஸ்வேர்டும் உடைக்கப்படவில்லை. எந்த வைரஸும் நுழையவில்லை. அச்சிடு என்று யாரோ சொன்னார்கள், பிரிண்டர் அச்சிட்டது. சொன்னது யார் என்று அது கேட்கவில்லை, கேட்கும்படி யாரும் அதற்குச் சொல்லியும் வைக்கவில்லை. முதல் இரண்டு சம்பவங்களிலும் பயன்பட்டது 9100 என்ற போர்ட். எச்.பி. நிறுவனத்தின் ஜெட்டைரக்ட் கருவிகளோடு பரவிய வழி அது. அந்த போர்ட்டுக்கு எது வந்தாலும் அது தாளில் இறங்கும். பெயர் கிடையாது, பாஸ்வேர்ட் கிடையாது. இன்று உங்கள் அலுவலகத்தில் உள்ள நெட்வொர்க் பிரிண்டரிலும் அநேகமாக அது திறந்தே இருக்கும்.

அச்சிடும் உலகத்துக்கு இந்த வெகுளித்தனம் பழைய சுபாவம். யூனிக்ஸ் கணினிகளில் நெடுங்காலம் ஆட்சி செய்த எல்.பி.டி. என்ற நெறிமுறையை 1990இல் ஆர்.எஃப்.சி. 1179 என்ற ஆவணமாக எழுதி வைத்தார்கள். அதில் பாதுகாப்பு என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்று: கோரிக்கை அனுப்பும் கணினி 721 முதல் 731 வரையுள்ள ஒரு போர்ட்டிலிருந்து பேச வேண்டும். யூனிக்ஸில் 1024க்குக் கீழே உள்ள போர்ட்டை ரூட் என்ற தலைமைப் பயனர்தான் திறக்க முடியும், ஆகவே அங்கிருந்து பேசுபவர் பொறுப்பானவராகத்தான் இருப்பார் என்பது கணக்கு. ரூட் அதிகாரம் பேராசிரியரிடமும் கணினி மையத்திடமும் மட்டுமே இருந்த காலத்தில் அந்தக் கணக்கு சரி. மாணவர் ஒவ்வொருவரும் சொந்த மடிக்கணினிக்குத் தாமே ரூட்டாக இருக்கும் இன்று அதற்கு ஒரு பொருளும் இல்லை.

அடுத்து வந்தது ஐ.பி.பி. என்ற இணைய அச்சு நெறிமுறை. 1999இல் முதல் வடிவம், போர்ட் எண் 631. வலைப்பக்கங்களுக்குப் பயன்படும் எச்.டி.டி.பி.யின் மேலேயே அது ஓடுவதால், பாஸ்வேர்ட் கேட்பது, மறையாக்கம் செய்வது எல்லாம் கைக்கு வந்தன. அதை மையமாக வைத்து மைக்கேல் ஸ்வீட் எழுதிய கப்ஸ் மென்பொருளும் அதே ஆண்டில் வெளிவந்தது. 2002இல் ஆப்பிள் அதைத் தன் மேக் இயங்குதளத்தில் சேர்த்தது, 2007இல் மூலநிரலையே வாங்கியது. லினக்ஸில் அச்சிடுவோர் ஏறத்தாழ அனைவரும், தெரிந்தோ தெரியாமலோ, கப்ஸைத்தான் பயன்படுத்துகிறார்கள். இனி நான் சொல்வதில் பெரும்பகுதி அதைப் பற்றியது. விண்டோஸ்காரர்கள் கோபிக்க வேண்டாம், உங்கள் பங்கும் வருகிறது.

கப்ஸின் அமைப்புக் கோப்பைத் திறந்தால் முதலில் பார்க்க வேண்டியது ‘லிசன்’ என்ற வரி. சர்வர் எந்த முகவரியில் காது கொடுக்கிறது என்பதை அது சொல்லும். ‘லிசன் லோக்கல்ஹோஸ்ட்:631’ என்று இருந்தால் அந்தக் கணினிக்குள்ளிருந்து வரும் பேச்சு மட்டுமே கேட்கும். ‘போர்ட் 631’ என்று இருந்தால் அந்தக் கணினியின் எல்லா நெட்வொர்க் இணைப்புகளிலும் கேட்கும். இரண்டு நெட்வொர்க் அட்டைகள் உள்ள சர்வரில், ஒன்று அலுவலகத்துக்கும் மற்றது இணையத்துக்கும் போகிறது என்றால், இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று எண்ணிப் பாருங்கள். அலுவலகப் பக்கத்து முகவரியை மட்டும் ‘லிசன்’ வரியில் எழுதினால் பாதி வேலை அங்கேயே முடிந்தது.

கேட்கிறது என்பதாலேயே பதில் சொல்லியாக வேண்டும் என்றில்லை. யாருக்குப் பதில் என்பதை ‘லொக்கேஷன்’ என்ற பகுதிகள் தீர்மானிக்கின்றன. பொது வழிக்கு ஒன்று, ‘அட்மின்’ என்ற நிர்வாகப் பக்கத்துக்கு ஒன்று, அமைப்புக் கோப்புகளுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் ‘அலவ்’, ‘டினை’ என அனுமதியும் மறுப்பும் எழுதலாம். இங்கே பலரும் வழுக்கி விழுவது ‘ஆர்டர்’ என்ற வரியில். ‘ஆர்டர் அலவ்,டினை’ என்றால், விதி எதுவும் பொருந்தாதவருக்கு மறுப்பு. ‘ஆர்டர் டினை,அலவ்’ என்றால், விதி எதுவும் பொருந்தாதவருக்கு அனுமதி. ‘அலவ்’ முதலில் வருகிறதே, அதுதான் தாராளமானது என்று வாசிப்பவர் நினைக்கிறார். உண்மை நேர் எதிர். முதலில் உள்ளதைப் பார்க்காதீர்கள், கடைசியில் உள்ள சொல்லைப் பாருங்கள், அதுதான் இயல்புநிலை.

மறுப்பை இயல்பாக வைத்து, வேண்டியவர்களை மட்டும் சேர்ப்பதே என் கட்சி. மாற்றிச் செய்தால் என்ன ஆகும்? விடுதி வை-ஃபையின் ஐ.பி. முகவரிகளை நான்காம் பதிப்பில் பட்டியலிட்டுத் தடுப்பீர்கள், அதே மாணவரின் கணினி ஆறாம் பதிப்பு முகவரியில் வந்து அச்சிட்டுவிட்டுப் போகும். தடுக்க வேண்டியவற்றின் பட்டியலை யாராலும் முழுமையாக எழுத முடியாது. அனுமதிக்க வேண்டியவர்களின் பட்டியல் நான்கு வரிகளில் முடிந்துவிடும்.

அந்த நான்கு வரிகளை எழுதச் சோம்பல்படும்போதுதான் விபரீதம் நடக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இன்று நான் பேசுவதிலேயே அதிகம் பயன்படப்போவது இதுதான்.

ஒரு கல்லூரியை எடுத்துக்கொள்வோம். அலுவலகத்தில் பிரிண்ட் சர்வர். வலைப்பக்கத்தில் ‘பிரிண்டர்களைப் பகிர்’ என்ற கட்டத்தில் டிக் அடித்திருக்கிறார்கள். கப்ஸ் அதற்கு ‘அலவ் @லோக்கல்’ என்று எழுதிக்கொள்கிறது. அலுவலகக் கணினிகள் எல்லாம் அச்சிடுகின்றன. இரண்டாம் மாடியில் கணிதத் துறை. அங்கே அச்சாகவில்லை. காரணம் எளிது: ‘@லோக்கல்’ என்பது கல்லூரி வளாகத்தைக் குறிப்பதில்லை, சர்வரின் நெட்வொர்க் அட்டைகள் நேரடியாக எந்த சப்நெட்டில் இருக்கின்றனவோ அதை மட்டும் குறிக்கிறது. கணிதத் துறை வேறு வி-லேனில், வேறு சப்நெட்டில் இருக்கிறது. துறைத் தலைவர் தொலைபேசியில் கத்துகிறார். பொறுப்பாளர் பதற்றத்தில் வலைப்பக்கத்தைப் பார்க்கிறார். பகிர்வுக் கட்டத்துக்குக் கீழேயே இன்னொரு கட்டம்: ‘இணையத்திலிருந்து அச்சிட அனுமதி’. டிக் அடிக்கிறார். கணிதத் துறையில் அச்சாகிறது. எல்லோரும் தேநீர் குடிக்கப் போகிறார்கள்.

அந்த ஒரு டிக்கில், ‘@லோக்கல்’ என்ற வரி ‘எல்லோரும்’ என்று மாறிவிட்டது. கணிதத் துறைக்காகத் திறந்தது ஊருக்கே திறந்துவிட்டது. எல்லையில் ஃபயர்வால் இருக்கிறதே என்பார்கள். இருந்தால் நல்லதுதான். ஆனால் விடுதியும் விருந்தினர் வை-ஃபையும் ஃபயர்வாலுக்கு உள்ளேதானே இருக்கின்றன? செய்திருக்க வேண்டியது, கணிதத் துறையின் சப்நெட்டை, உதாரணத்துக்கு ‘அலவ் 10.20.30.0/24’ என்று, ஒரே வரியில் சேர்ப்பது. இரண்டு நிமிட வேலை. திரும்பிப் போனதும் உங்கள் சர்வரில் அந்த இரண்டாவது கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதே குணத்தில் இன்னொரு வரி உண்டு. சர்வரைப் பெயர் சொல்லி அழைத்தால் சில சமயம் ‘பேட் ரிக்வெஸ்ட்’ என்று கப்ஸ் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தனக்கு இந்தப் பெயர் உண்டு என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. ‘சர்வர்ஏலியஸ்’ வரியில் அந்தப் பெயரை எழுத வேண்டும். நம்மவர்கள் நட்சத்திரக் குறி ஒன்றைப் போட்டு, எந்தப் பெயரானாலும் சரி என்று விட்டுவிடுகிறார்கள். பிரவுசர் வழியாக டி.என்.எஸ். பெயரைத் திரித்து உள்ளே வரும் தாக்குதலைத் தடுக்கத்தான் அந்தச் சோதனையே வைக்கப்பட்டது. நட்சத்திரம் போட்டால் சோதனை போயிற்று.

முகவரி விதிகளை எவ்வளவு செம்மையாக எழுதினாலும் அவை எங்கிருந்து என்ற கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். யார் என்பதற்குச் சொல்லாது. நேற்று முதல்வர் அறைக் கணினிக்கு இருந்த முகவரி, டி.எச்.சி.பி. புண்ணியத்தில், இன்று வேறொரு கணினிக்கு இருக்கலாம். அதே சப்நெட்டில் யாரும் தன் கணினிக்குப் பிடித்த முகவரியைக் கையால் எழுதிக்கொள்ளவும் முடியும். இன்னும் வேடிக்கை, கப்ஸில் ஒரு பிரிண்டரை இன்னாருக்கு மட்டும் என்று ஒதுக்கும் வசதி உண்டு. ஆனால் சர்வர் பாஸ்வேர்ட் கேட்காதவரை, ‘நான்தான் முதல்வர்’ என்று எந்தக் கணினி சொன்னாலும் நம்பிக்கொள்ளும். கோரிக்கையோடு வரும் பெயர் அனுப்புபவர் எழுதியனுப்பும் பெயர்தான். பாஸ்வேர்ட் கேட்காத பெயர்ப் பட்டியல் ஒழுங்குக்கு உதவும், பாதுகாப்புக்கு உதவாது.

அப்படியானால் எல்லா பிரிண்டருக்கும் பாஸ்வேர்ட் வைத்துவிடலாமா? வேண்டாம் என்பேன். நூலகத்தில் ஒற்றைப் பக்கம் அச்சிட வருபவரிடம் பாஸ்வேர்ட் கேட்டால், ஒரே வாரத்தில் அந்த பாஸ்வேர்டைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுவார்கள். பாஸ்வேர்ட் வேண்டியது தேர்வுப் பிரிவின் பிரிண்டருக்கு, கணக்குப் பிரிவின் பிரிண்டருக்கு. கப்ஸ் கோப்பிலேயே ‘ஆத்தென்டிகேட்டட்’ என்ற கொள்கை தயாராக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. வேண்டிய பிரிண்டருக்கு மட்டும் அதைப் பொருத்தலாம். கூடவே மறையாக்கத்தைக் கட்டாயமாக்குங்கள். இல்லாவிட்டால் அந்த பாஸ்வேர்ட் வெளிப்படையாகவே கம்பியில் ஓடும்.

தேர்வுப் பிரிவு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. வினாத்தாள் அச்சாகி முடிந்தது, தாள்களை எண்ணி உறையிலிட்டு அரக்கு முத்திரை வைத்தாயிற்று. கோப்பு எங்கே? கப்ஸின் இயல்பான அமைப்பில், அச்சான ஆவணம் 86,400 விநாடிகள், அதாவது ஒரு முழு நாள், சர்வரின் வட்டிலேயே இருக்கும். யாராவது மறுபடி அச்சிடக் கேட்டால் வசதியாக இருக்கட்டும் என்பது நல்லெண்ணம்தான். நிர்வாக அனுமதி உள்ள எவரும் மறுபடி அச்சிடலாம். ‘பிரிசர்வ்ஜாப்ஃபைல்ஸ்’ என்ற வரிக்கு ‘நோ’ என்று எழுதினால், வேலை முடிந்ததும் ஆவணம் நீங்கும். வினாத்தாள் அச்சிடும் சர்வரில் இந்த வரி இல்லையென்றால் உறை மேல் வைத்த அரக்குக்கு மதிப்பில்லை.

சர்வர் கோப்பை முழுக்கச் சரிசெய்துவிட்டோம், இனி நிம்மதி என்று 2024 செப்டம்பர் வரை பலர் இருந்தார்கள். செப்டம்பர் 26 அன்று சிமோனே மார்கரிட்டெல்லி என்ற இத்தாலிய ஆய்வாளர் சில ஓட்டைகளை வெளியிட்டார். ஓட்டை கப்ஸ் சர்வரில் தொடங்கவில்லை, அதன் பக்கத்தில் ஓடும் ‘கப்ஸ்-பிரவுஸ்டு’ என்ற சிறு உதவி நிரலில் தொடங்கியது. நெட்வொர்க்கில் உள்ள பிரிண்டர்களைத் தேடிப்பிடித்துப் பட்டியலில் சேர்ப்பது அதன் வேலை. அதுவும் 631 எண்ணிலேயே, ஆனால் யு.டி.பி. வழியில், எல்லா முகவரியிலும் காது கொடுத்துக்கொண்டிருந்தது. ‘இங்கே ஒரு பிரிண்டர் இருக்கிறது’ என்று எவர் ஒரு சிறு பொட்டலம் அனுப்பினாலும் நம்பி, அவர் காட்டிய முகவரிக்குத் தானே போய் விவரம் கேட்டது. போலி பிரிண்டர் பட்டியலில் ஏறும். அதன் விவரக் கோப்பில் ஒரு கட்டளை ஒளிந்திருக்கும். யாராவது அந்தப் பிரிண்டரில் அச்சிட்டால் கட்டளை ஓடும். நாம் அக்கறையாக எழுதிய ‘அலவ்’, ‘டினை’ வரிகள் எதுவும் இந்த நிரலைக் கட்டுப்படுத்தவில்லை, ஏனென்றால் அவை இன்னொரு நிரலுக்கான விதிகள். சர்வரில் பிரிண்டர்களைத் தாமே கையால் சேர்ப்பவர்களுக்கு இந்த உதவி நிரல் தேவையே இல்லை. நிறுத்திவிடுங்கள்.

விண்டோஸுக்கு வருகிறேன். நம் ஊர் அலுவலகங்களில் பிரிண்ட் சர்வர் என்பது பெரும்பாலும் யு.எஸ்.பி. கம்பியில் பிரிண்டர் மாட்டிய, தலைமை எழுத்தர் மேசையில் இருக்கும் கணினிதான். 2021 ஜூலையில் ‘பிரிண்ட்நைட்மேர்’ என்ற ஓட்டை வந்தபோது ஆட்டம் கண்டது அந்தக் கணினியும்தான். டிரைவர் நிறுவும் வழியைப் பயன்படுத்தி, சாதாரணப் பயனர் ஒருவர் தொலைவிலிருந்தே அந்தக் கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்றலாம் என்ற நிலை. மைக்ரோசாஃப்ட் வழக்கமான மாதாந்தரத் தேதிக்குக் காத்திராமல் ஜூலை 6 அன்றே திருத்தம் வெளியிட்டது, ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் 7க்கும் சேர்த்து. ஆகஸ்டிலிருந்து டிரைவர் நிறுவ நிர்வாகி அதிகாரம் வேண்டும் என்றானது.

அதே ஆண்டு செப்டம்பரில் வந்த பிழையை உங்களில் பாதிப்பேர் மனப்பாடமாகச் சொல்வீர்கள்: 0x0000011b. பகிர்ந்த பிரிண்டர்கள் ஒரே நாளில் ஊமையாயின. ஜனவரியில் வெளியிட்ட ஒரு பாதுகாப்புத் திருத்தத்தை, செப்டம்பர் அப்டேட்டில் மைக்ரோசாஃப்ட் கட்டாயமாக்கியது. சர்வரோடு பேசும் பேச்சு அடையாளம் காட்டி, மறையாக்கத்தோடு நடக்க வேண்டும் என்பது அதன் சாரம். நம்மிடையே வாட்ஸ்அப்பில் சுற்றிய வைத்தியம் என்ன? ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைப் பூஜ்யமாக்கு. அல்லது அப்டேட்டைக் கழற்று. பிரிண்டர் பேசியது, உண்மைதான். அன்று அவசரத்துக்குச் செய்ததை நான் குறை சொல்லவில்லை. இன்னமும் அது பூஜ்யமாகவே கிடக்கிறது என்றால் குறை சொல்வேன். இரு பக்கக் கணினிகளையும் அப்டேட் செய்துவிட்டு அந்தப் பூஜ்யத்தை நீக்கிப் பாருங்கள். அச்சிடாத சர்வர்களில், முக்கியமாக டொமைன் கன்ட்ரோலரில், ஸ்பூலர் சேவையையே நிறுத்திவிடுங்கள்.

இவ்வளவும் செய்தபின் மிச்சமிருப்பது பிரிண்டர். எல்லோரும் மறப்பதும் அதைத்தான். கல்யாண மண்டபத்து முகப்பில் பன்னீர்த் தட்டோடு ஆள் நிறுத்தி அழைப்பிதழ் பார்த்து அனுப்புகிறோம். கொல்லைப்புறத்தில் சமையல்கட்டு வழி திறந்து கிடக்கிறது, தெரிந்தவர்கள் அந்த வழியாக வந்து நேரே பந்தியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். 9100, எல்.பி.டி.க்குரிய 515, ஐ.பி.பி.க்குரிய 631 மூன்றிலும் பிரிண்டர் நேரடியாகப் பேசுமானால், உங்கள் சர்வரில் உள்ள விதிகள் விதிகளை மதிப்பவருக்கு மட்டும்தான். மாணவர் பிரிண்டரின் ஐ.பி. முகவரியை அதன் சோதனைத் தாளிலேயே படித்துவிட்டு, சர்வரைத் தொடாமல் அச்சிடுவார். கணக்கிலும் வராது, பதிவிலும் வராது.

தீர்வு கடினமில்லை. பிரிண்டர்களைத் தனி வி-லேனில் வையுங்கள். அந்த வி-லேனுக்குள் பிரிண்ட் சர்வர் மட்டும் போகலாம் என்று ரௌட்டரில் எழுதுங்கள். அதற்கு வசதியில்லாத சிறிய அலுவலகமா? பல பிரிண்டர்களின் வலைப்பக்கத்திலேயே ஐ.பி. வடிகட்டி என்றோ அணுகல் பட்டியல் என்றோ ஒரு பகுதி இருக்கும். அதில் சர்வரின் முகவரியை மட்டும் எழுதுங்கள். எழுதும் முன் உங்கள் கணினியின் முகவரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நீங்களே வெளியே நிற்பீர்கள். பயன்படுத்தாத நெறிமுறைகளை அணையுங்கள். நிர்வாகி பாஸ்வேர்ட் வெற்றாக இருந்தால் வையுங்கள். பிரிண்டரைப் பட்டியலில் தெரியாமல் மறைப்பது பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மறைந்திருக்கும் பிரிண்டரும் கூப்பிட்டால் பதில் சொல்லும்.

சர்வரில் செய்த மாற்றங்களை நடைமுறைக்குக் கொண்டுவருமுன் ‘கப்ஸ்டி -டி’ என்ற கட்டளையால் அமைப்புக் கோப்பில் பிழை இருக்கிறதா என்று சோதிக்கலாம். ஆனால் அது எழுத்துப் பிழையைத்தான் காட்டும், எண்ணப் பிழையைக் காட்டாது. சோதிக்க வேண்டிய இடம் உங்கள் மேசை அல்ல. சர்வர் உங்கள் மேசையிலேயே இருந்தால் அங்கே எல்லாம் வேலை செய்யும், சர்வர் இருக்கும் கணினியிலிருந்து வரும் கோரிக்கையை முகவரி விதி எப்படியிருந்தாலும் கப்ஸ் ஏற்றுக்கொள்ளும். அச்சிடக் கூடாத இடத்துக்குப் போய்ச் சோதியுங்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நாளைக் காலை விருந்தினர் வை-ஃபையில் ஒரு மடிக்கணினியை இணைத்து, தேர்வுப் பிரிவு பிரிண்டரின் முகவரிக்கு, 9100 போர்ட்டில், நான்கு சொற்கள் அனுப்புங்கள். உங்கள் மேலதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள், பிறகு விளக்கம் எழுத வேண்டியிருக்காது. தாள் வெளியே வந்தால், இன்று நான் சர்வரைப் பற்றிச் சொன்னது அனைத்தையும் ஒரு வாரம் ஒத்திவையுங்கள். முதலில் அந்தப் பிரிண்டரைக் கவனியுங்கள்.